வானில் தீக்கோளம் கண்டால்

ஏரி வரத்துக் கால்வாயைப் பார்வையிடும் பொருட்டு ஒரு நாள் ஏனாத்தூருக்குச் சென்றிருந்தேன். அலுவல் முடிந்தபின் ஊர்ப் பெரியவர்கள் சிலர் மரத்தடியில் வந்து அமர்ந்தனர். கால்வாய்க் கரை, கோடை உழவு, கூட்டுறவுச் சங்கக் கடன் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும், முதிய விவசாயி ஒருவர் தயங்கியபடியே ஒரு செய்தியைக் கூறலானார்.

"ஐயா, நாலு நாளைக்கு முன்பு இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடக் கழனிக்குப் போனேன். தென்மேற்கே வானத்தில் ஒரு நெருப்புப் பந்து ஓடிற்று. கழனி முழுவதும் நிலாக் காய்ந்தாற்போல் வெளிச்சமாயிற்று. என் கையிலிருந்த மண்வெட்டியின் நிழல் வரப்பில் விழுந்ததை நானே கண்டேன். அது ஏரிக்கரைக்கு அப்பால் இறங்கி அணைந்துவிட்டது. காலையில் போய்த் தேடினோம். ஒன்றுமே கிடைக்கவில்லை."

உடனே மற்றொருவர், "ஏரிக்கு அப்பால் அன்று, ஐயா. பனந்தோப்பில்தான் விழுந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன்" என்றார். மூன்றாமவர், அது பக்கத்து ஊர்க் கழனியில் வீழ்ந்ததென்று சாதித்தார். இவர்கள் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருக்கையில், முதியவர் மெல்லிய குரலில் மேலும் சொன்னார்: "நட்சத்திரம் விழுந்தால் ஊருக்கு ஆகாது என்று வீட்டில் சொல்லுகிறார்கள். அன்று முதல் இரவில் யாரையும் கழனிக்கு அனுப்புவதில்லை. நாற்றங்கால் காய்கிறது."

வானத்தில் சில விநாடிகள் தோன்றி மறைந்த ஓர் ஒளி, மூன்று நண்பர்களிடையே வாதத்தையும், ஒரு குடும்பத்தில் அச்சத்தையும், நாற்றங்காலில் வறட்சியையும் உண்டாக்கிவிட்டது. ஆகவே அந்த ஒளி யாது, அதனைக் கண்டவர் என்ன செய்தல் வேண்டும் என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விழுவது நட்சத்திரம் அன்று

'நட்சத்திரம் விழுகிறது' என்பது வழக்கு. உண்மையில் எந்த நட்சத்திரமும் விழுவதில்லை. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் நம் சூரியனைப் போன்றவை. எண்ணற்கரிய தொலைவில் உள்ளவை. விழுவதாக நாம் காண்பது, சூரியனைச் சுற்றித் திரியும் சிறு கல்லோ மணலோ பூமியின் காற்று மண்டலத்தினுள் புகுந்து எரியும் காட்சியே ஆகும்.

செவ்வாய்க் கிரகத்துக்கும் வியாழனுக்கும் இடையே சிறுகோள்கள் எனப்படும் பாறைகள் கணக்கின்றிச் சுற்றி வருகின்றன. அவை ஒன்றோடொன்று மோதிச் சிதறிய துண்டுகளும், வால் நட்சத்திரங்கள் தம் வழியில் விட்டுச் சென்ற தூசிகளும் வெளியெங்கும் பரவிக் கிடக்கின்றன. இவற்றில் ஒன்று பூமியை நெருங்கும்போது, விநாடிக்கு 11 கிலோமீட்டர் முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் காற்றினுள் பாய்கிறது. ஏனாத்தூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதை நாம் அறிவோம். அத்தொலைவை இக்கல் ஒரு சில விநாடிகளில் கடந்துவிடும்.

இத்துணை வேகத்தில் வரும் பொருளுக்கு முன்னால் உள்ள காற்று விலகிச் செல்ல நேரமின்றி நெருக்குண்டு, மிகக் கடுமையாகச் சூடேறுகிறது. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது குழலின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் உணர்ந்திருப்போம். அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பதற்கு அதுவே சான்று. அச்சூட்டினால் கல்லின் மேற்பரப்பு உருகி ஆவியாகிறது. கல்லும் அதனைச் சூழ்ந்த காற்றும் சேர்ந்து ஒளி வீசுகின்றன. இது பெரும்பாலும் தரைக்கு மேலே 120 கிலோமீட்டர் முதல் 80 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் நிகழ்கிறது.

கேழ்வரகு மணியளவே உள்ள துகள் எரிந்தால் அது சாதாரண எரிநட்சத்திரம். எலுமிச்சம்பழம், தேங்காய் போன்ற அளவுள்ள கல் எரிந்தால், அது விடிவெள்ளியையும் மிஞ்சிய ஒளியுடன் தோன்றும். அவ்வாறு விடிவெள்ளியினும் மிக்க ஒளியுடையவற்றையே தீக்கோளம் என்கிறோம். உலகம் முழுவதையும் கணக்கிட்டால் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தீக்கோளங்கள் தோன்றுகின்றன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை கடல்மீதும், ஆளில்லாக் காடுகளின்மீதும், பகலொளியிலும், மேகங்களுக்கு மேலும் நிகழ்ந்து மறைந்துவிடுகின்றன. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பெரிய தீக்கோளம் ஒன்றைக் காண்பது அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. இரவில் கழனிக்குச் செல்லும் விவசாயிக்கு, நகரத்தில் விளக்கொளியில் வாழ்வோரைவிட அவ்வாய்ப்பு மிகுதி.

ஏரிக்கு அப்பால் விழுந்ததா?

இனி ஏனாத்தூர் நண்பர்களின் வாதத்துக்கு வருவோம். மூவரும் கண்டதையே கூறினர், எவரும் பொய்யுரைக்கவில்லை. எனினும் மூவரும் ஒரே மயக்கத்துக்கு ஆட்பட்டிருந்தனர். மிகத் தொலைவிலுள்ள பேரொளியை அருகிலுள்ளதாக எண்ணுவது மனிதக் கண்ணின் இயல்பு. நிலவு நம்முடன் பனந்தோப்பின் பின்னே நடந்து வருவதாகச் சிறுவர்கள் எண்ணுவது போன்றதே இது.

கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அம்முஷ்டி வானத்தில் ஏறத்தாழ 10 பாகை உயரத்தை மறைக்கும். அடிவானிலிருந்து தலைக்கு நேர் மேல் வரை ஒன்பது முஷ்டிகள், அதாவது 90 பாகை. முதியவரை அவ்வாறு கையை நீட்டச் செய்து, ஒளி முதலில் தோன்றிய இடத்தைக் காட்டச் சொன்னேன். ஏரிக்கரைக்கு மேலே இரண்டு முஷ்டி உயரம் என்றார். அஃதாவது 20 பாகை. தீக்கோளம் 80 கிலோமீட்டர் உயரத்தில் இருந்ததெனக் கொண்டால், 20 பாகையில் தெரிவதற்கு அது நம்மிடமிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில் இருந்திருத்தல் வேண்டும். ஏனாத்தூரிலிருந்து தென்மேற்கே, காக்கை பறக்கும் நேர்வழியில், ஏறத்தாழ அத்தொலைவில் இருப்பது சேலம் நகரம். முதியவர் ஏரிக்கு அப்பால் என்று நினைத்தது சேலத்து வானமாக இருந்திருக்கக் கூடும்.

அவ்வளவு தொலைவில் உள்ள ஒளி 30 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி அணையும்போது, நம் கண்ணுக்கு ஒரு முஷ்டி உயரத்துக்கும் கீழே, பனைமரங்களின் தலையளவில் தெரியும். ஆகவேதான் பனந்தோப்பின் அருகில் வீடுடையவர் பனந்தோப்பில் விழுந்ததென்றார். ஏரியருகே நின்றவர் ஏரியில் விழுந்ததென்றார். மறுநாள் காலையில் அவர்கள் தேடிக் களைத்ததில் வியப்பில்லை.

மற்றொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். எரிந்து மிஞ்சிய கல், வேகம் குறைந்து ஒளியை இழந்த பின்னரே தரைக்கு வருகிறது. கடைசி இருபது முப்பது கிலோமீட்டரை அது இருளில், கூரையிலிருந்து உருண்ட ஓடு போல, சாதாரணமாக வீழ்ந்து கடக்கிறது. எரிந்துகொண்டே தரையைத் தொடும் காட்சியைக் கண்டதாகக் கூறுவோர், தொலைவில் அடிவானத்துக்குக் கீழே மறைந்த ஒளியையே கண்டனர் என்பது தெளிவு.

ஒளி முந்தும், ஓசை பிந்தும்

தீக்கோளத்தின் தொலைவை அறிய ஓர் எளிய அளவுகோல் ஓசையாகும். மின்னலைக் கண்ட பிறகே இடியைக் கேட்கிறோம். ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று விநாடிகள் ஆகின்றன. தீக்கோளம் தலைக்கு நேர் மேலே 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தாலும், அதன் ஓசை நம்மை அடைய ஒன்றரை நிமிடம் ஆகும். ஒளியைக் கண்டவுடனேயே எண்ணத் தொடங்கி, எத்தனை விநாடிகளுக்குப் பின் ஓசை கேட்டதெனக் குறித்துக்கொண்டால், அதுவே தொலைவைக் கூறிவிடும். சேலத்து வானத்து ஓசை ஏனாத்தூரை அடைவதானால் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் அது தேய்ந்து மறைந்தும் போகலாம். ஓசையே கேட்கவில்லையென்றால் கல் நம் ஊரில் விழவில்லை என்று பெரும்பாலும் துணியலாம்.

ஓசை பிந்தி வருவதை அறிவது உயிர்காக்கும் அறிவுமாகும். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் காலையில், ரஷ்ய நாட்டின் செல்யாபின்ஸ்க் நகரத்து வானில், ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவுள்ள பாறையொன்று எரிந்து வெடித்தது. கண் கூசும் ஒளியைக் கண்ட மக்கள், என்னவென்று பார்ப்பதற்காகச் சன்னல்களின் அருகே சென்று நின்றனர். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலான பின் அதிர்வலை நகரைத் தாக்கிற்று. ஆயிரக்கணக்கான கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1,500 பேர் காயமுற்றனர். அவர்களுட் பலர் கண்ணாடிச் சில்லுகளால் காயம் பட்டவர்கள். கல் தலையில் வீழ்ந்து எவரும் இறக்கவில்லை. ஆகவே பெரிய ஒளியைக் கண்டபின் ஐந்து நிமிடங்களேனும் சன்னல், கண்ணாடிக் கதவு, தளர்ந்த ஓட்டுக்கூரை ஆகியவற்றின் அருகே செல்லாதிருத்தல் வேண்டும். பள்ளிக் குழந்தைகளுக்கும் இதனைக் கற்பிப்பது நன்று.

அச்சமும் அபசகுனமும்

வான்நிகழ்ச்சியைக் கண்டு அஞ்சுவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 229ஆம் பாடலில், கூடலூர் கிழார் என்னும் புலவர் பங்குனி மாதத்து நள்ளிரவில் பெரிய எரிமீன் ஒன்று வீழ்ந்ததைக் கண்டு, தம் மன்னனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சியதையும், ஏழாம் நாள் சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததையும் பாடியுள்ளார். நம் ஏனாத்தூர் வீட்டாரின் அச்சத்துக்கு இவ்வளவு பழைய வரலாறு உண்டு.

ஆயின் அப்பாடலைக் கருத்துடன் கற்போர் மற்றொன்றையும் காண்பர். அப்புலவர் அஞ்சியது மட்டுமன்று. தாம் கண்டதை அளந்தும் குறித்தார். எந்த மாதம், எந்தப் பொழுது, அப்போது உச்சியில் நின்ற நட்சத்திரம் யாது, எழுந்தது யாது, மறைந்தது யாது, எரிமீன் சென்ற திசை யாது, அதன் ஒளி எவ்வாறு நிலத்தை விளக்கிற்று என்பவற்றை எல்லாம் அவர் வரிசையாகக் கூறுகிறார். இன்றைய ஆராய்ச்சியாளர் ஒரு தீக்கோளத்தைக் கண்டவரிடம் கேட்கும் கேள்விகளும் இவையே.

மன்னனின் மறைவுக்கும் எரிமீனுக்கும் தொடர்புண்டா? நாள்தோறும் உலகில் ஆயிரக்கணக்கான தீக்கோளங்கள் எரிகின்றன. நாள்தோறும் எத்தனையோ பேர் மறைகின்றனர். இரண்டும் சில நாள் இடைவெளியில் நிகழ்ந்தால் மனத்தில் தங்குகிறது, நிகழாவிட்டால் மறந்துபோகிறது. டிசம்பர் 13, 14 நாள்களின் இரவில், மிதுன ராசியின் திசையிலிருந்து ஆண்டுதோறும் எரிநட்சத்திரங்கள் பல தவறாமல் வருகின்றன. ஆகஸ்டு 12, 13 நாள்களிலும் அவ்வாறே மற்றொரு கூட்டம் வருகிறது. நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைக்கத்தக்க ஒன்று, எவருக்கும் தனியே அனுப்பப்பட்ட சகுனமாக இருத்தல் இயலாது. இக்காரணங்களை எடுத்துக்கூறி, இருளில் நீர் பாய்ச்சச் செல்வோர் அஞ்ச வேண்டியவை பாம்பும், பழுதான மின்கம்பியுமே அன்றி எரிநட்சத்திரம் அன்று என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

சூளகிரிக்கு வந்த விருந்து

தீக்கோளங்களில் மிகச் சிலவே தரையில் கல்லை இடுகின்றன. அத்தகைய நிகழ்ச்சி நம் மாநிலத்திலேயே அண்மைக் காலத்தில் நடந்துள்ளது. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் காலை சுமார் 8.30 மணிக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் விண்கற்கள் வீழ்ந்தன. கிடைத்த துண்டுகளின் மொத்த எடை ஏறத்தாழ 110 கிலோகிராம். அறிவியலார் அவற்றை ஆராய்ந்து வகைப்படுத்தினர். விண்கல்லுக்கு அது வீழ்ந்த இடத்தின் பெயரையே சூட்டுவது உலக வழக்கமாதலின், சூளகிரி என்னும் பெயர் இன்று உலகின் விண்கற் பட்டியலில் நிலைத்து நிற்கிறது.

சூளகிரி, ஏனாத்தூருக்கு ஏறத்தாழ நேர் மேற்கே, சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அக்கல் பகலில் வாராது நள்ளிரவில் வந்திருப்பின், ஏனாத்தூர் மக்களும் மேற்கு அடிவானத்தில் இரண்டு முஷ்டி உயரத்துக்குள் பேரொளியைக் கண்டு, 'அடுத்த தோப்பில் விழுந்தது' என்றே கூறியிருப்பர்.

பழைய காலத்துச் சான்றுகளும் உண்டு. 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மதுரைச் சீமையில் இரண்டு பெருங்கற்கள் வீழ்ந்தன. 1886ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் அன்றைய தென்னாற்காட்டு நம்மியந்தலில் ஒரு கல் வீழ்ந்தது. வடநாட்டில், 2017ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் விடியற்காலையில், ஜெய்ப்பூருக்கு அருகேயுள்ள முகுந்தபுரா கிராமத்து வயலில் வீழ்ந்த கல், கரிமப் பொருளையும் நீரைப் பிணைத்து வைத்துள்ள கனிமங்களையும் கொண்ட அரிய இனம். அத்தகைய கல் சில மழைக்கு உட்பட்டால் உருத்தெரியாமல் சிதைந்துவிடும். உழவர்கள் உடனே தெரிவித்தமையாலேயே அது அறிவுலகுக்குக் கிட்டிற்று. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் குஜராத் மாநிலத்துத் தியோதர் வட்டத்தின் கிராமங்களில் வீழ்ந்த துண்டுகளும் மிக அரிய இனத்தவை. இந்தியாவில் அவ்வினக் கல் அதற்கு முன் வீழ்ந்தது 1852ஆம் ஆண்டில்.

இக்கற்களால் என்ன பயன் என்று வினவலாம். நம் வயலின் மண்ணும் மலையின் பாறையும் பலமுறை உருகி, கரைந்து, மாறிவிட்டவை. விண்கற்களுட் பலவோ சூரியக் குடும்பம் தோன்றிய காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான நிலையை இன்னும் விட்டு அகலாதவை. பூமிக்கு நீர் எங்கிருந்து வந்தது, உயிருக்கு மூலமான பொருள்கள் எவ்வாறு தோன்றின என்ற வினாக்களுக்கு விடை தேடுவோர் இவற்றையே நாடுகின்றனர்.

நாட்றம்பள்ளி தந்த பாடம்

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், அன்றைய வேலூர் மாவட்டத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த நாட்றம்பள்ளிக்கு அருகே, தனியார் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் பெரும் ஓசை எழுந்தது. தரையில் பள்ளம் உண்டாயிற்று, கண்ணாடிகள் உடைந்தன. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் காயமுற்றனர். அது விண்கல் வீழ்ந்ததால் நேர்ந்தது என அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவி வழங்க ஆணையிட்டார். சில நாள்களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிவியலார், வெளியான படங்களைக் கொண்டு பார்க்கையில் அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போல் உள்ளதேயன்றி விண்ணிலிருந்து வந்ததைப் போல் இல்லை என்று கருத்துரைத்தனர்.

இத்தகைய ஐயம் எழும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: வானத்தில் ஒளியை எவர் கண்டார், எந்த ஊர்களில் ஓசை கேட்டது? மனிதரைக் கொல்லவும் பள்ளம் பறிக்கவும் வல்ல கல் காற்றினுள் புகுமானால், அது ஓர் ஊருக்கு மட்டும் இரகசியமாக வாராது. பல வட்டங்களில் உள்ளோர் ஒளியைக் காண்பர்; பல ஊர்களில் ஓசை கேட்கும். அத்தகைய சாட்சியம் அன்றே எழுதி வைக்கப்பட்டிருந்தால் கேள்விக்கு விரைவில் விடை கிடைக்கும். இல்லையென்றாலும் அதுவே ஒரு விடை.

இதில் அடங்கியுள்ளது வெறும் அறிவியல் ஆர்வம் மட்டுமன்று. ஒரு குடும்பத் தலைவர் எதனால் இறந்தார் என்பதை அவர் குடும்பம் அறிய உரிமையுடையது. இயற்கையின் செயலானால் எவரையும் பழிக்க இயலாது. தரையில் நேர்ந்த வெடிப்பானால், மற்றோர் உயிர் போகாவண்ணம் காக்கும் கடமை எழுகிறது. கிணறு தோண்டவும் பாறை உடைக்கவும் வெடிமருந்து பயன்படும் நம் கிராமங்களில் இந்த வேறுபாட்டை அறிவது மிக முக்கியமானது.

விண்கல் அல்லாத பொருள்கள்

நம் காலத்தில் வானிலிருந்து வீழ்பவை கற்கள் மட்டுமல்ல. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், ஒளிக்கீற்றுகள் பல வரிசையாக மெல்ல நகர்வதை மக்கள் கண்டனர். பின்னர்ச் சந்திரப்பூர் மாவட்டத்துச் சிந்தேவாகிப் பகுதியில் பெரிய உலோக வளையமொன்று கிடைத்தது. அது சீன நாட்டு ராக்கெட்டின் பகுதியெனக் கருதப்பட்டது.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. விண்கல்லின் ஒளி பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். ராக்கெட்டின் உடைசல் அதனினும் மெதுவாக, பல துண்டுகளாக அணிவகுத்து, ஒரு நிமிடமோ அதற்கு மேலுமோ வானைக் கடக்கும். வீழ்ந்தது உலோகத் தகடாகவோ உருண்டைத் தொட்டியாகவோ இருப்பின் அதனை எவரும் தொடலாகாது. அதனுள் நச்சு எரிபொருள் எஞ்சியிருக்கக் கூடும். சிறுவரையும் கால்நடைகளையும் விலக்கிவைத்துக் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

கண்டவர் செய்ய வேண்டியவை

நிலத்தகராறு எழுந்தால் சர்வேயர் இரண்டு கற்களிலிருந்து பார்த்து மூன்றாவது கல்லின் இடத்தைக் கணக்கிடுவதை விவசாயிகள் கண்டிருப்பர். இந்திய நாடு முழுவதையும் அளந்த பெரும் பணி, 1802ஆம் ஆண்டில் நம் சென்னைப் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் இட்ட ஓர் அடிக்கோட்டிலிருந்து இம்முறையிலேயே தொடங்கிற்று. தீக்கோளத்தின் வழியைக் கண்டறிவதும் இம்முறையிலேதான். ஏனாத்தூரில் ஒருவர் காட்டும் திசையும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொருவர் காட்டும் திசையும் படத்தில் எங்கே வெட்டுகின்றனவோ, அதன் மேலேயே அந்த ஒளி இருந்தது. ஆகையால் ஒருவர் கண்டதை மட்டும் கொண்டு ஒன்றும் துணிய இயலாது. இரண்டு ஊரார் கண்டதைச் சேர்த்தால் கல் கிடக்கும் இடத்தையே நெருங்கலாம். கண்டவர்கள் பின்வருமாறு செய்வார்களாக.

1. ஒளி மறைந்ததும் நின்ற இடத்திலேயே நின்று, கைபேசியில் நேரத்தைப் பாருங்கள். அது எத்தனை விநாடி நீடித்தது, என்ன நிறம், துண்டுகளாகப் பிரிந்ததா என்பவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

2. எந்த மரத்துக்கு அல்லது எந்தக் கம்பத்துக்கு மேலே தோன்றியது, எங்கே மறைந்தது, எத்தனை முஷ்டி உயரம் என்பவற்றைக் குறியுங்கள். மறுநாள் அதே இடத்தில் நின்று கைபேசியின் திசைகாட்டியால் திசையை அளக்கலாம்.

3. ஓசைக்காக ஐந்து நிமிடம் காத்திருந்து, விநாடிகளை எண்ணுங்கள். சன்னலருகே நிற்க வேண்டாம்.

4. ஒருவரோடொருவர் பேசிக் கலப்பதற்கு முன் தனித்தனியே எழுதுங்கள். பேச்சில் ஒருவர் கண்டது மற்றவர் நினைவாகிவிடும்.

5. கூட்டுறவுச் சங்கம், கடை, பெட்ரோல் நிலையம் ஆகியவற்றின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும். பஞ்சாயத்துத் தலைவர் உடனே அவற்றைச் சேமித்து வைக்கச் சொல்லுதல் வேண்டும்.

6. எழுதியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, தாசில்தார் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். நாட்டின் விண்கற்களைப் பேணும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினுடையது. அதற்குச் சென்னையில் அலுவலகம் உண்டு.

வயலில் புதிதாக ஒரு கல் கிடைத்தால் என் செய்வது? விண்கல் பெரும்பாலும் அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிடக் கனமாக இருக்கும். புதிதாக வீழ்ந்ததன் மேல் கரிப் பூச்சுப் போன்ற மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். களிமண்ணில் கட்டைவிரலால் அழுத்தியது போன்ற குழிகளும் காணலாம். உள்ளே தேன்கூடு போலத் துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் உலைக்கசடே. கல்லை உடைப்பது, நீரில் கழுவுவது, எண்ணெயும் மஞ்சளும் பூசுவது ஆகியவை அதன் மதிப்பைக் கெடுக்கும். காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதும் கூடாது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லினுள் பதிந்திருந்த காந்தக் குறிப்பு அதனால் அழிந்துவிடும். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்துக்கு அடையாளமிட்டு, வெறுங்கை படாமல் தூய தாளில் சுற்றி வைத்து, அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். மழைக்காலமானால் தாமதம் சிறிதும் கூடாது. கைபேசியில் பரவும் விலைபேச்சுகளையும் வதந்திகளையும் நம்பாதீர்கள். நீங்களே கண்டிராத படத்தை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

எழுதி வைத்தல் நம் மரபு

உத்திரமேரூரின் கோயிற் சுவரை அறியாத பஞ்சாயத்து உறுப்பினர் நம் பகுதியில் இரார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், குடவோலை வழியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், ஏரி வாரியம் முதலியவற்றின் அமைப்பையும் அவ்வூர்ச் சபையார் கல்லில் பொறித்து வைத்தனர். அவர்கள் வாய்ச்சொல்லோடு விட்டிருந்தால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் அறிவதற்கு ஒன்றும் எஞ்சியிராது. அன்று கல்லில் வெட்டியவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தயங்குதல் தகுமா?

ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் மழையளவு, ஏரி நீர்மட்டம், பூச்சித் தாக்குதல், வானில் கண்ட அரிய நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறிக்க ஒரு பதிவேடு இருப்பது நலம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை; பள்ளி மாணவர்களே ஆர்வத்துடன் எழுதுவர். ஏனாத்தூர் நண்பர்கள் மூவரும் அன்று மரத்தடியிலேயே தத்தம் காட்சியைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்தனர். எழுதி முடித்தபோது அவர்களிடையே வாதம் இல்லை. மூன்று தாள்களிலும் திசை தென்மேற்காகவே இருந்தது. அத்தாள்களை என்னிடம் நீட்டிய முதியவர், "இன்றிரவு மின்சாரம் வந்ததும் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வேண்டும், ஐயா" என்று கூறி எழுந்தார்.

வானம் எல்லா ஊருக்கும் பொது. அதனை இரவுதோறும் காண்பவர்கள் கழனியில் நிற்கும் விவசாயிகளே. இனி ஒரு தீக்கோளம் தோன்றும்போது அவர்கள் அச்சத்தை விடுத்து, நேரத்தையும் திசையையும் குறித்து, ஊரின் பதிவேட்டில் சேர்ப்பார்களாக.